மதுரையிலிருந்து இன்னொருத்தன்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, திருநகரில் வாழைப்பழக் கடை முன்னால் நின்றிருந்த தனிஸ்லாஸின் வலது காதுக்குள் ஓர் அமெரிக்கன் "மதுரை" என்றான்.

முதல் எழுத்தில் இடறி, இரண்டாவதில் விழுந்து, எப்படியோ எழுந்து மூன்றாவதில் வந்து நின்றான். ஆனாலும் மதுரைதான்.

தனிஸ்லாஸ் கையிலிருந்த சீப்பை விடாமலே மறுகையால் இயர்போனை இறுக்கி அழுத்தினார். நாலு வருஷம். அறுபத்தொரு கடிதங்கள். கடைசியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேசியது வேய்ன். பக்கத்தில் கர்ட். ஒஹையோ மாநிலத்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில், கார் நிறுத்தும் கொட்டகைக்குள் உட்கார்ந்து வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் இணையத்தில் பேசுகிற இரண்டு ஆசாமிகள். 'த லாங் டிரைவ்வே' என்று நிகழ்ச்சிக்குப் பேர். என்ன பேசுவார்கள் என்று கேட்டால் சொல்ல முடியாது. ஒரு வாரம் முழுக்கக் குப்பைத்தொட்டியை வாசலுக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று பேசினார்கள். இன்னொரு வாரம் கர்ட்டின் முழங்கால். ஒருத்தர் பேசும்போதே மற்றவர் குறுக்கே விழுவார். ஜோக்கைச் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவார்கள். நடுவில் மெத்தை விளம்பரம். முடியும்போது சரி வைக்கட்டுமா, வை, சரி, பை, பை பை என்று சம்பந்தி வீட்டார் போல மூணு நிமிஷம் இழுப்பார்கள்.

மிஷன் மேல்நிலைப் பள்ளியில் இருபது வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறவர் தனிஸ்லாஸ். ஆங்கிலம் என்றால் எழுந்து நின்று பேச வேண்டிய பாஷை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதைக் கைலி கட்டிக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு பேசலாம் என்பதை முதன்முதலாக அந்தக் கொட்டகையில்தான் கேட்டார். விழுந்துவிட்டார். வேய்ன் காபியை உறிஞ்சும் சத்தம்கூட அவருக்கு அத்துப்படி. ஒரு உறிஞ்சு என்றால் யோசிக்கிறார். அடுத்தடுத்து இரண்டு உறிஞ்சு என்றால் அந்தப் பேச்சு செத்துவிட்டது, வேறு பேச்சுக்குத் தாவப் போகிறார்.

இப்போது உறிஞ்சவில்லை. உற்சாகமாகச் சொன்னார்.

"அடுத்த வாரம் முந்நூறாவது எபிசோடு. முதல் தடவையா ஒரு நேயரைக் கூப்பிட்டுப் பேசப்போறோம். இந்தியாவுல மதுரையிலேர்ந்து எழுதியிருக்கார். பேரு..."

தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"...மலைச்சாமி."

கண்ணைத் திறந்தார்.

"சார், பழம் வேணுமா வேணாமா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்."

"அப்புறம் ஏன் சார் பிச்சீங்க?"

குனிந்து பார்த்தார். சீப்பிலிருந்து இரண்டு பழங்கள் பிய்ந்து அவர் கையில் நசுங்கிக்கிடந்தன.

காதுக்குள் வேய்ன் அந்தக் கடிதத்தை வாசிக்க ஆரம்பித்திருந்தார். என்ன இங்கிலீஷ் அது. மூணு வார்த்தைக்கு ஒரு முற்றுப்புள்ளி.

'வேய்ன் சார், கர்ட் சார், வணக்கம். நீங்க பேசுறதுல எனக்குப் பாதிதான் புரியும். கர்ட் சார் சிரிச்சா நானும் சிரிச்சிருவேன். எதுக்குச் சிரிச்சேன்னு மறுநாள் புரியும். நான் வேலை பாக்குற இடத்துல நிறைய கண்ணாடிச் சாமான் இருக்கு. நீங்க பேசப் பேச நான் கழுவுவேன். உங்களைக் கேக்க ஆரம்பிச்ச பிறகு உடையிறது குறைஞ்சிருக்கு. காலையில, பாம்பு மாதிரி ஒரு மலை படுத்திருக்கும், அதுக்குக் கீழ பஸ் ஏறுவேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள நீங்க ஒரு விஷயத்தைக்கூடப் பேசி முடிச்சிருக்க மாட்டீங்க. அதுதான் எனக்குப் பிடிச்சது.'

கர்ட் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் வருகிற, மூச்சு அடைத்து மேஜையைத் தட்டுகிற சிரிப்பு. தனிஸ்லாஸின் அறுபத்தொரு கடிதத்தில் எந்தக் கடிதத்துக்கும் அது கிடைத்ததில்லை.

"மீதிக் கடிதத்தை நேர்ல பேசுறப்ப வாசிக்கிறேன். அதுல ஒரு விஷயம் இருக்கு" என்றார் வேய்ன். "ஆனா ஒரு சிக்கல். மலைச்சாமிக்கு மூணு மெயில் போட்டாச்சு, பதிலே இல்ல. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பதில் வரலேன்னா, லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கிறவரைக் கூப்பிடுவோம். நீங்க நம்ப மாட்டீங்க. அவரும் மதுரை. தனிஸ்லாஸ்னு பேரு."

"ரெண்டு பேரும் ஒரே ஊரா? அப்ப ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருக்கும்" என்றார் கர்ட்.

இருவரும் சிரித்தார்கள்.

லட்சக்கணக்கான ஜனம் புழங்குகிற ஊரடா இது, என்று தனிஸ்லாஸ் பல்லைக் கடித்தார். பிய்ந்த இரண்டு பழத்துக்கும் காசு கொடுத்துவிட்டு நடந்தார்.

*

"இன்னைக்கு என்ன சொன்னாங்க உங்க ஒஹையோ சொந்தக்காரங்க?" என்று அற்புதமேரி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். அவர் மனைவி, கூட்டுறவு வங்கியில் கிளார்க்.

"ஒருத்தனைக் கூப்பிட்டிருக்காங்க. மதுரைக்காரன்."

"உங்களையா?"

"இன்னொருத்தனை."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, எங்க தம்பி கல்யாணத்துல உங்களுக்கு மாலை போட மறந்தாங்களே, அன்னைக்கு இருந்த மூஞ்சி இது."

"அவனுக்கு இங்கிலீஷே வரல, மேரி. டம்ளர் கழுவுறவன்."

"டம்ளர் கழுவுறவன் பேசக் கூடாதா?"

மூன்று தோசை போட்டாள். அவர் ஒன்றைக்கூட முழுசாகத் தின்னவில்லை. உள்ளுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு மலைச்சாமி, மலைச்சாமி என்று ஜெபமாலை உருட்டியது.

யார் அவன்? வெள்ளிக்கிழமை வரை அவன் மெயிலைத் திறக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். திறப்பானா?

*

புதன்கிழமை மத்தியானம் வழக்கம்போல வேதியியல் லேபுக்குப் போனார். சாப்பாட்டு வேளையில் பள்ளிக்கூடத்திலேயே சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான். அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் அறுபத்தொரு கடிதங்களையும் அடித்தார்.

லேப் அசிஸ்டென்ட் தாமரைச்செல்வி தொட்டிப் பக்கம் நின்று சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "இங்கிலீஷ் பேசிப் பழக என்ன சார் செய்யணும்?" என்று கேட்டாள். தொந்தரவு விட்டால் போதும் என்று அந்த நிகழ்ச்சியின் பேரைச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் அவள் ஏதாவது கேட்பதும், அவர் "ம்" என்பதும் நடந்துகொண்டிருந்தது.

"சார், இந்த வாரம் கேட்டீங்களா? போன வெள்ளிக்கிழமையே என் போன் வாளித் தண்ணிக்குள்ள விழுந்துருச்சு சார். ஆரப்பாளையத்துல குடுத்திருக்கேன், சனிக்கிழமை சாயங்காலம்தான் தருவானாம். இம்புட்டு நாள் கேக்காம இருந்ததே இல்ல."

"ம்" என்றார்.

சாயங்காலம் நேரே ஆரப்பாளையம் போனார். துப்பறிகிறவன் மூளை அவருக்குள் முழித்துக்கொண்டிருந்தது. பாம்பு போல் படுத்த மலை என்றால் நாகமலை. கண்ணாடிச் சாமான் என்றால் டீக்கடை, ஜூஸ் கடை. பஸ் ஸ்டாண்டு வாசலில் மூன்றாவது டீக்கடையில் விசாரித்தார்.

"அண்ணே, நாகமலைப் பக்கத்திலேர்ந்து வந்து கிளாஸ் கழுவுறவரு, மலைச்சாமின்னு..."

டீ மாஸ்டர் விருமாண்டி பாலை ஒரு முழம் தூக்கி ஆற்றினார். "எந்த மலைச்சாமி? இந்தப் பஸ் ஸ்டாண்டுல நின்னு மலைச்சாமின்னு கூப்பிட்டுப் பாருங்க, நாலு பேரு திரும்புவான். அஞ்சாவது ஆளு பஸ்ஸுக்குள்ள இருந்து எட்டிப் பாப்பான்."

"இங்கிலீஷ் பேசுவாராம்."

"ராத்திரி ஒம்போது மணிக்கு மேல எல்லா மலைச்சாமியும் இங்கிலீஷ்தான் சார்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தனிஸ்லாஸும் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இந்த ஊரில் ஒரு மலைச்சாமியைக் கண்டுபிடிக்க முடியாதென்றால், ஒஹையோக்காரனாலும் முடியாது.

*

வியாழக்கிழமை காலை தலைமையாசிரியர் ஃபாதர் கூப்பிட்டனுப்பினார்.

"சார், மாவட்ட ஆபீஸ்ல எல்லா ஸ்டாஃப் பேரையும் கேக்குறாங்க. இனிஷியல் போட்டா செல்லாதாம், விரிச்சு எழுதணுமாம். உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும்."

சர்வீஸ் ரெக்கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கூட வேலை பார்க்கிறவர்களின் அப்பன் பேர் அத்தனையும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வருஷக்கணக்காக வருகைப் பதிவேட்டில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாகப் பார்த்துப் பழகியவை. பி.டி. சாரின் 'பே' பேயாண்டி. கணக்கு டீச்சரின் 'க' கண்ணுச்சாமி.

முப்பத்தி இரண்டாவது பெயர், ம. தாமரைச்செல்வி.

ரெக்கார்டைப் பிரித்தார். தந்தை பெயர்: மலைச்சாமி.

பேனா அப்படியே நின்றது.

அமெரிக்காக்காரன் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். முதல் பெயர், கடைசிப் பெயர். நம் ஊரில் யாருக்கு அது விளங்கும்? இனிஷியல்தானே முதலில் வருகிறது என்று அவள் அப்பா பெயரை முதல் கட்டத்தில் போட்டிருக்கிறாள். அவன் அதையே கூப்பிடுகிற பேர் என்று எடுத்துக்கொண்டான். கண்ணாடிச் சாமான், டம்ளர் இல்லை. தினமும் பத்தடி தூரத்தில், அவர் முதுகுக்குப் பின்னால், அவர் காது கேட்கக் கழுவப்பட்ட சோதனைக் குழாய்கள்.

'விடியற்காலைப் பனித்துளி போலத் தங்கள் சொற்கள்' என்று அவர் அடித்துக்கொண்டிருந்த அதே அறையில் நின்றுகொண்டு, இவள் கர்ட்டை மேஜை தட்ட வைத்திருக்கிறாள்.

அவமானமா, ஆத்திரமா, தெரியவில்லை. காது மடல் இரண்டும் சுட்டது. எழுந்து லேபுக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"வாங்க சார். நேத்துக் கேட்டதுக்கு 'ம்'னுட்டுப் போயிட்டீங்க. இந்த வாரம் என்ன சார் பேசுனாங்க?"

சொல்லிவிடு, என்றது ஒன்று. நாலு வருஷம்டா, என்றது இன்னொன்று. இரண்டாவதுக்குத்தான் குரல் பெரிசு.

"ஒண்ணுமில்லம்மா. கர்ட்டோட நாயி காணாமப் போயிருச்சாம். அதுதான் முழுக்க."

"அய்யோ. கெடச்சுச்சா?"

"வர்ற வாரம் தெரியும்."

வெளியே வந்தார். பொய்யா சொன்னேன், நாய்க் கதையும்தானே வந்தது, என்று வராந்தா முழுக்கத் தனக்குத்தானே வாதாடினார். வெள்ளிக்கிழமை லேப் பக்கமே போகவில்லை. ஸ்டாஃப் ரூம் இரைச்சலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தை விழுங்கினார்.

*

சனிக்கிழமை விடிந்ததும் போனைத் திறந்தார். மெயில் வந்திருந்தது. மலைச்சாமியிடமிருந்து பதிலில்லை. உங்களுக்கு இன்று காலை ஏழரைக்கு அழைப்பு. எங்களுக்கு வெள்ளி ராத்திரி.

குளித்தார். வெள்ளைச் சட்டை, அதன் மேல் கறுப்பு டை.

"ஏங்க, போன்லதான பேசப் போறீங்க?" என்றாள் அற்புதமேரி.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஏழரைக்கு அழைப்பு வந்தது. காதுக்குள் கேட்டுப் பழகிய குரல் அவர் பெயரைச் சொன்னது. "தனிஸ்லாஸ், எப்படி இருக்கீங்க? காலையில என்ன சாப்பிட்டீங்க?"

எழுந்து நின்றுவிட்டார். "தங்களது கனிவான விசாரிப்புக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். எமது பகுதியின் தொன்மையான சிற்றுண்டியாகிய இட்லி..."

அந்தப் பக்கம் ஒரு உறிஞ்சு.

அவர் வேகமாக மதுரையின் சிறப்புகளுக்குத் தாவினார். இரண்டாவது உறிஞ்சு.

உலகத்திலேயே அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்த ஆட்களில் ஒருவர் அவர். பேச்சு செத்துவிட்டது. அவருடைய பேச்சு.

கர்ட்தான் கைகொடுத்தார். "சரி, அந்த மலைச்சாமியைத் தெரியுமா? உண்மையைச் சொல்லணும்."

"தெரியாது" என்றார் தனிஸ்லாஸ்.

"ஆனா அவருக்கு உங்களைத் தெரியும்" என்றார் வேய்ன். "இதுதான் கடிதத்தோட மீதி. உங்ககிட்ட வாசிக்கணும்னே வச்சிருந்தோம்."

வாசித்தார்.

'எங்க பள்ளிக்கூடத்துல தனிஸ்லாஸ் சார்னு இருக்கார். அவர்தான் உங்க பேரைச் சொன்னார். எங்க எல்லாரையும் விட நல்ல இங்கிலீஷ். உங்களுக்கு அறுபது கடிதம் எழுதியிருக்கார். நான் கழுவுறப்ப அவர் டைப் அடிக்கிற சத்தம் கேக்கும். ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் முகத்தைப் பாத்தா, நீங்க வாசிக்கலேன்னு தெரிஞ்சுரும். தயவுசெஞ்சு ஒரு தடவை அவர் கடிதம் ஒண்ணை வாசிங்க. என் கடிதத்தை வாசிக்க வேண்டாம்.'

"இது வந்த பிறகுதான் உங்க கடிதங்களைத் தேடி எடுத்தோம்" என்றார் வேய்ன். "அப்படித்தான் நீங்க லிஸ்ட்ல வந்தீங்க."

தனிஸ்லாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். கதவோரம் நின்ற அற்புதமேரிக்கு இங்கிலீஷ் முழுசாகப் புரியாவிட்டாலும் அவர் உட்கார்ந்த விதம் புரிந்தது.

டையைத் தளர்த்தினார். இந்த முறை வாயில் வந்த ஆங்கிலத்தில் பனித்துளி எதுவும் இல்லை.

"மலைச்சாமி அவ பேரு இல்ல. அவ அப்பா பேரு. எங்க ஊர்ல அப்பா பேரை முன்னாடி போடுவோம். அவ பேரு தாமரைச்செல்வி. பொம்பளைப் புள்ள. எங்க லேப்ல வேலை பாக்குறா. போன் தண்ணியில விழுந்துருச்சு, அதான் பதில் வரல. வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். நீங்க என்ன பேசுனீங்கன்னு அவ கேட்டா. நாய் காணாமப் போச்சுன்னு மட்டும் சொன்னேன்."

"ஏன்?"

"பொறாமை."

அந்தப் பக்கம் இந்த முறை ஒரு உறிஞ்சும் இல்லை.

கர்ட் மெதுவாகக் கேட்டார். "அவங்க வீடு எம்புட்டு தூரம்?"

*

நாலுவழிச் சாலையில் தனிஸ்லாஸின் ஸ்கூட்டர் பறந்தது. கழுத்தில் டை பின்னால் பறந்தது. போன் சட்டைப் பையில். அழைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று வேய்ன் சொல்லிவிட்டார். ஒரு லாரி பக்கத்தில் வந்து பாட்டுப் போட்டது மாதிரி ஹார்ன் அடித்தது. பைக்குள் இருந்து மேஜை தட்டுகிற சத்தம் கேட்டது. கர்ட்டின் அந்தச் சிரிப்பு. நாலு வருஷத்துக்குப் பிறகு அது கிடைத்தது, அதுவும் லாரிக்காரனுக்கு.

சர்வீஸ் ரெக்கார்டில் பார்த்த விலாசத்தை நாகமலை புதுக்கோட்டையில் விசாரித்து வீட்டைப் பிடித்தார். வாசலில் ஒரு பெரியவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, உங்க பேரு?"

"மலைச்சாமி. நீங்க யாரு, தம்பி? வக்கீலா?"

டையைக் கழற்றிப் பையில் திணித்தார். "மலைச்சாமி கிடைச்சுட்டார்" என்று போனில் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அதில் பாதியாவது தனக்கு என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

தாமரைச்செல்வி ஈரக் கையோடு வந்தாள். அவர் போனை நீட்டி, இரண்டே வரியில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் முதலில் வெளுத்தது. அப்புறம் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஹலோ கர்ட் சார். நாயி கெடச்சுச்சா?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தெட்டு நிமிடம். தப்புத் தப்பாகப் பேசினாள், நடுவில் வார்த்தை கிடைக்காமல் தமிழில் சொன்னாள், அவர்கள் குறுக்கே விழுந்தால் இவளும் குறுக்கே விழுந்தாள். தனிஸ்லாஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து, அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினார். பதினேழு. இரண்டு கையும் தீர்ந்து மறுபடி வந்தது. அவருக்கு அரை, லாரிக்கு ஒன்று. சொல்லி அழைத்து வந்ததற்காக மனசு லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. வியாழக்கிழமை இருந்த முள் இருந்த இடத்திலேயே இருந்தது. குத்துகிற ஆள் தானேதான் என்று தெரிந்துவிட்டது, அதுதான் வித்தியாசம்.

சரி, பை, பை பை என்று மூணு நிமிஷம் இழுத்துவிட்டு வெளியே வந்தாள். போனைக் கொடுத்தாள். அவருக்கு ஒரு கிளாஸ் டீயும், தனக்கு ஒன்றும்.

"சார்ஜ் ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு சார்."

"இருக்கட்டும்."

அவள்தான் ஆரம்பித்தாள். "வியாழக்கிழமை ஏன் சார் சொல்லல?"

"அவங்ககிட்ட சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை கேட்டுக்க."

"செவ்வாய்க்கிழமை ஒஹையோவுக்குச் சொல்வாங்க. நான் இங்கதான நிக்கிறேன்."

தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். "அது வந்தும்மா, மனித மனம் என்பது சில சந்தர்ப்பங்களில் தன்னையும் அறியாமல்..."

தாமரைச்செல்வி டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"...பலவீனங்களுக்கு ஆட்படுவது இயல்பு. அந்த வகையில் நானும்..."

இன்னொரு வாய் உறிஞ்சினாள்.

தனிஸ்லாஸ் பேச்சை நிறுத்தினார். அவள் கிளாஸுக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேய்னின் காபிக் கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்கிறது. உதட்டோரம் சிரிப்பு இல்லை; ஆனால் வந்துவிடும் போல இருந்தது.

அவர் டீ கிளாஸை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தார்.

"உன் கடிதத்துக்குச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிக்கல. எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு, தாமரை. இப்பவும்தான் எரியுது."

"ம்" என்றாள் அவள், இரண்டு வருஷமாக அவர் சொல்லிவந்த அதே தொனியில். அப்புறம் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"சரி, சொல்லுங்க சார். அந்த நாயி எப்படிக் காணாமப் போச்சு?"